மருந்தோடு விடுவதா, மருந்தில்லாமல் விடுவதா: புகைப்பழக்கத்தை நிறுத்த முடிவெடுத்தவர்களுக்கு ஓர் ஒப்பீடு

புகைப்பழக்கத்தை விட்டவர்களிடம் எப்படி விட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் எந்த மருந்தும் எடுக்காமல் விட்டதாகவே சொல்வார்கள். ஆனால் மருந்தோ வேறு உதவியோ இல்லாமல் விட முயல்பவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், அவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாள்களுக்குள் மீண்டும் பற்றவைத்துவிடுகிறார்கள் என்றும், ஆறு மாதமோ ஓராண்டோ தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்றும் சொல்கின்றன. இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் கேட்டவர், மனசு வைத்தால் போதும், மாத்திரை எதற்கு என்கிறார். இரண்டாவதை மட்டும் கேட்டவர், மருந்தில்லாமல் முயல்வதே வீண் என்று அஞ்சுகிறார். முடிவெடுக்க வேண்டியவருக்கு இந்த இரண்டு பேச்சுமே உதவாது.

ஒரு சிறு கணக்குப் போட்டால் முரண்பாடு அவிழ்ந்துவிடும். ஓர் ஊரில் ஆயிரம் பேர் மருந்தில்லாமல் விட முயன்று, நூற்றுக்கு நான்கு பேர் வீதம் தேறினால், நாற்பது பேர் விட்டிருப்பார்கள். அதே ஊரில் நூறு பேர் மட்டும் மருந்தோடு முயன்று, நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் வீதம் தேறினால், விட்டவர்கள் பன்னிரண்டு பேர்தான். மருந்தின் பலன் இங்கே மூன்று மடங்கு. ஆனாலும் நாம் அன்றாடம் சந்திக்கும் 'விட்டவர்' அந்த நாற்பது பேரில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். தோற்றுப்போன தொள்ளாயிரத்து அறுபது பேரும் தங்கள் முயற்சியைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. ஆகவே எத்தனை பேர் இப்படி விட்டார்கள் என்பதைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இப்படி முயன்றவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்விக்கு நம்பகமான விடைகள் இருக்கின்றன. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, மருந்தில்லாமல் முயலும் நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேர் ஆறு மாதமோ அதற்கு மேலோ புகைக்காமல் இருக்கிறார்கள். மெல்லும் நிக்கோட்டின் கம், தோலில் ஒட்டும் பேட்ச் போன்றவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தினால் அது ஒன்பது பேராகிறது. பேட்சையும் கம்மையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பன்னிரண்டு. வாரெனிக்லின் அல்லது சிட்டிசின் மாத்திரை என்றால் பதினான்கு. மிகச் சிறந்த மருந்தை எடுத்தாலும் ஒரு முயற்சியில் நூற்றுக்கு எண்பத்தாறு பேர் தேறவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. இதைப் படித்துச் சோர்ந்துவிடக் கூடாது. ஒருவர் வாழ்நாளில் பலமுறை முயலலாம், முயலவும் வேண்டும். ஆனால் மருந்து என்றால் விழுங்கியதும் ஆசை அற்றுப்போகும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்குபவர் முதல் வாரத்திலேயே ஏமாந்துபோவார் என்பதால், இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

மருந்து எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் ஒப்பீடு தெளிவாகும். புகையை உள்ளே இழுத்த பத்துப் பதினைந்து நொடிகளுக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அதனால்தான் இரவு முழுவதும் தூங்கி எழும்போது உடல் நிக்கோட்டினுக்குத் தவிக்கிறது. சிலர் பல் துலக்கும் முன்பே தீப்பெட்டியைத் தேடுவதற்கு இதுவே காரணம். நிறுத்தியதும் வரும் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, கவனச்சிதறல், அகோரப் பசி எல்லாம் முதல் சில நாள்களில் உச்சத்துக்குப் போய், பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன. மருந்து கை கொடுப்பது இந்த வாரங்களில்தான்.

பழக்கத்தின் மறுபாதி மூளையின் வேதியியலில் இல்லை. காலையில் டீ கிளாஸைக் கையில் எடுத்ததும் மறுகை தானாகச் சட்டைப்பையைத் தொடுவது, கடைக்காரர் கேட்காமலே ஒற்றை சிகரெட்டை எடுத்து நீட்டுவது, கடைத் தூணில் கட்டியிருக்கும் கயிற்றின் கனலும் நுனியில் குனிந்து பற்றவைப்பது, அலுவலகத்தில் திட்டு வாங்கியதும் மாடிப்படிக்கு ஓடுவது, மது அருந்தும்போது பாக்கெட் கணக்கில் காலியாவது என்று நூறு தூண்டுதல்கள் இருக்கின்றன. எந்த மாத்திரையும் இவற்றை நேராகத் தொடுவதில்லை. ஏக்கத்தின் கடுமையைக் குறைத்து, இந்தத் தூண்டுதல்களை எதிர்கொள்ளும் நிதானத்தை மருந்து தருகிறது. எதிர்கொள்ளும் வேலை நம்முடையதாகவே இருக்கிறது. மருந்தா மனவலிமையா என்று கேள்வியை அமைப்பது தவறு என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். தனியாக விடுவது, ஆலோசனையோடு விடுவது, மருந்தை மட்டும் நம்பி விடுவது, மருந்தும் ஆலோசனையும் சேர்த்து விடுவது என உண்மையில் நான்கு வழிகள் இருக்கின்றன. இவற்றில் மிகவும் ஏமாற்றம் தருவது மூன்றாவது வழி.

இங்கிலாந்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையோடு மருந்தும் எடுத்தவர்கள், எந்த உதவியும் இல்லாமல் முயன்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு தேறியிருந்தார்கள். மருத்துவர் சுருக்கமாக அறிவுரை சொல்லி எழுதிக்கொடுத்த மருந்தை எடுத்தவர்கள் ஒன்றரை மடங்கு. ஆனால் கடையில் தாங்களே நிக்கோட்டின் கம், பேட்ச் வாங்கிப் பயன்படுத்தியவர்களுக்கும், ஒன்றும் வாங்காமல் விட முயன்றவர்களுக்கும் வேறுபாடே இல்லை. மருந்து அதேதான். எவ்வளவு, எப்படி, எத்தனை நாள் என்று சொல்லித்தர ஆளில்லாததுதான் குறை.

என் சித்தப்பா நிக்கோட்டின் கம் வாங்கியபோது நடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். பபிள்கம் மெல்வதுபோல் விடாமல் மென்றார். சில நிமிடங்களில் தொண்டை எரிந்து விக்கல் எடுத்தது. கூடவே சூடாகக் காபி குடித்தார். அன்று மாலையே அட்டையைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டு, இதெல்லாம் ஏமாற்று வேலை என்றார். கம்மை மெல்ல வேண்டிய விதமே வேறு. நாலைந்து தடவை மெதுவாகக் கடித்து, காரமோ சுருக்கென்ற உணர்வோ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த உணர்வு அடங்கியதும் மறுபடி நாலைந்து கடி, மறுபடி வேறு பக்கம் ஒதுக்கல் என்று அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். நிக்கோட்டின் வாயின் உட்புறத் தோல் வழியாகத்தான் இரத்தத்தில் சேர வேண்டும்; எச்சிலோடு விழுங்கப்பட்டால் பலன் குறைந்து வயிற்றுக் கோளாறுதான் மிஞ்சும். காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் போன்றவை வாயில் அமிலத்தைக் கூட்டி உறிஞ்சலைத் தடுப்பதால், அவற்றைக் குடித்துக் கால் மணி நேரமாவது ஆன பிறகே கம்மை வாயில் போட வேண்டும். எண்ணிக்கையிலும் பலர் கஞ்சம் பிடிக்கிறார்கள். முதல் ஆறு வாரங்களில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அதாவது நாளுக்கு ஒன்பதாவது, தேவைப்படும். நாளுக்கு இரண்டு மென்றுவிட்டு மருந்து பலிக்கவில்லை என்பவர் அந்த மருந்தைச் சோதித்தே பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பேட்ச் இதைவிட எளிது. காலையில் ரோமம் இல்லாத, வியர்வை துடைத்த தோலில், மேற்கையிலோ மார்பிலோ ஒட்டினால் நாள் முழுவதும் சீரான அளவில் நிக்கோட்டின் இறங்கிக்கொண்டே இருக்கும். நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவர் பொதுவாக 21 மி.கி. பேட்சில் ஆறு வாரங்கள் இருந்து, பின் 14, 7 மி.கி. என்று இரண்டிரண்டு வாரங்களில் இறங்குவார். தினமும் இடத்தை மாற்றி ஒட்டாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். பேட்ச் அடித்தளத்தைத் தருகிறது. திடீரென்று எழும் ஏக்கத்துக்கு அதனால் உடனே ஈடுகொடுக்க முடியாது. அந்த நேரத்துக்கு ஒரு கம் கையிருப்பில் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றன. ஒன்பது பேர் பன்னிரண்டு பேராவது இப்படித்தான். நிக்கோட்டினையே திரும்பக் கொடுப்பதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. புற்றுநோயைக் கொண்டுவருவது முக்கியமாகப் புகையிலுள்ள தாரும் நூற்றுக்கணக்கான நச்சுப் பொருள்களும். இரத்தத்தில் உயிர்க்காற்றின் இடத்தைப் பிடிப்பது கார்பன் மோனாக்சைடு. கம்மிலும் பேட்சிலும் இவை இல்லை. நிக்கோட்டினும் மெதுவாகவே ஏறுவதால் சிகரெட் அளவுக்கு அடிமைப்படுத்துவதில்லை.

மாத்திரைகளில் வாரெனிக்லின் முதலிடத்தில் இருக்கிறது. நிக்கோட்டின் போய் அமரும் அதே இடத்தில் இது அமர்ந்து, ஓரளவு மட்டும் தூண்டிவிடுகிறது. அதனால் தவிப்பு தணிகிறது. இடம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருப்பதால் புகைத்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, 0.5 மி.கி. நாளுக்கு ஒன்று, பிறகு இரண்டு என்று ஏற்றி, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இருவேளையாகப் பன்னிரண்டு வாரங்கள் எடுப்பது வழக்கம். சாப்பிட்ட பின் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்காவிட்டால் குமட்டல் படுத்தி எடுக்கும். சாப்பிட்டு எடுத்தாலும் பத்தில் மூன்று பேருக்குக் குமட்டல் வருகிறது. சிலருக்குக் கனவுகள் அசாதாரணமாகத் தெளிவாக வரும். சிறுநீரகச் செயல்பாடு மிகக் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

இந்த மாத்திரையைப் பற்றிய அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் கடும் எச்சரிக்கை விதித்திருந்தது. அதன் பிறகு 16 நாடுகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மனநலப் பாதிப்புள்ளவர்கள் என்ற நிலையில், வாரெனிக்லின், புப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரை, பேட்ச், மருந்தில்லாத வெற்று மாத்திரை ஆகிய நான்கையும் ஒப்பிட்ட சோதனையின் முடிவு 2016இல் வெளியானது. கடுமையான மனநலப் பக்கவிளைவுகள் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் குறிப்பிடும் அளவுக்கு அதிகமாகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஒன்பதாம் வாரத்திலிருந்து இருபத்து நான்காம் வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் வாரெனிக்லினில் 21.8 சதவீதம், புப்ரோபியானில் 16.2, பேட்சில் 15.7, வெற்று மாத்திரையில் 9.4. இந்தக் கடைசி எண்ணை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவர்கள் எடுத்துக்கொண்டதில் மருந்தே இல்லை. ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் சில நிமிட ஆலோசனை இருந்தது, குறித்த தேதி இருந்தது, அடுத்த வாரம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஒருவர் இருந்தார். தனியாக முயல்பவர்களின் மூன்று, ஐந்து சதவீதத்தோடு இதை நேராக வைத்து ஒப்பிட முடியாது என்றாலும், மருந்து வேண்டாம் என்று முடிவெடுப்பவர் ஆலோசனையையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

புப்ரோபியான் மனச்சோர்வுக்கும் பயன்படும் மருந்து. வலிப்பு வந்தவர்கள், உணவு உண்பதில் மனக்கோளாறு உள்ளவர்கள், மிகுதியாகக் குடித்துவிட்டுத் திடீரென்று குடியை நிறுத்துபவர்கள் ஆகியோருக்கு இது ஆகாது. தமிழ்நாட்டில் புகையும் குடியும் சேர்ந்தே போகும் ஆண்கள் நிறைய இருப்பதால், இந்த மருந்தை எழுதும் மருத்துவரிடம் குடிப்பழக்கத்தை மறைக்கவே கூடாது. சிட்டிசின் தாவரத்திலிருந்து கிடைப்பது. கிழக்கு ஐரோப்பாவில் 1960களிலிருந்து புழக்கத்தில் உள்ளது. வழக்கமான முறையில் 25 நாள்களில் முடிந்துவிடும். மூலிகை சிகரெட் என்று விற்கப்படுவதைத் தொடவே வேண்டாம். எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். மின் சிகரெட் விற்பனை இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதால் இங்குள்ளவருக்கு அது ஒரு தேர்வே இல்லை.

இனி மருந்தில்லாமல் விடுவதன் பக்கம். இதற்கு நம்மிடையே ஆண்டுதோறும் ஒரு பெரும் செயல்முறை நடக்கிறது. கார்த்திகை முதல் நாள் சபரிமலைக்கு மாலை போடும் புகைப்பழக்கக்காரர்களில் பலர் அன்றே சிகரெட்டை நிறுத்துகிறார்கள். மாத்திரையோ கம்மோ இல்லாமல், ஒரு மண்டலம் முழுவதும் நிறுத்துகிறார்கள். மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அங்கே நடப்பது வெறும் பக்தி மட்டும் அன்று என்பது புரியும். தொடங்கும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது. ஊருக்கே தெரியும்படி அறிவித்தாயிற்று. கழுத்தில் மாலையைப் பார்த்ததும் டீக்கடைக்காரர் சிகரெட் நீட்டுவதில்லை. நண்பர்கள் 'சாமி' என்று அழைத்து ஒதுங்கிப் போய்ப் புகைக்கிறார்கள். குடி நின்றுவிடுகிறது, அதிகாலைக் குளியலும் மாலை பூஜையுமாக நாளின் ஒழுங்கே மாறிவிடுகிறது. ஆலோசகர்கள் பல சந்திப்புகளில் சிரமப்பட்டு உருவாக்கப் பார்க்கும் சூழல் அத்தனையும் ஒரே நாளில் அமைந்துவிடுகிறது. நிக்கோட்டினுக்கான உடலின் தவிப்பு நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதால், மாலையைக் கழற்றும் நாளில் அவர் உடலளவில் ஏறத்தாழ விடுபட்டவராகவே இருக்கிறார்.

அதற்குப் பிறகும் ஏராளமானோர் மாலையைக் கழற்றிய சில நாள்களில் திரும்பப் புகைக்கிறார்கள். அந்த முதல் சிகரெட் தவிப்பால் வருவதில்லை. விரதம் முடிந்தது, இனித் தடையில்லை என்ற எண்ணத்தாலும், நண்பர்கள் பழையபடி நீட்டுவதாலும் வருகிறது. இவர்களுக்கு அந்தக் கட்டத்தில் மருந்து பெரிதாக ஒன்றும் செய்யாது. மாலை கழற்றும் நாளை முடிவு நாளாக எண்ணாமல், அதற்கு அடுத்த மூன்று மாதங்களுக்கு எங்கே டீ குடிப்பது, யாருடன் நிற்பது, நீட்டினால் என்ன சொல்வது என்பதை விரதத்தின்போதே தீர்மானித்துக்கொண்டால், அவர்கள் மருந்தில்லாமலே விடக்கூடியவர்கள் என்பது என் உறுதியான கருத்து. ரமலான் மாதம் முழுவதும் பகலில் புகைக்காமல் இருப்பவர்களுக்கும், தவக்காலத்தில் நிறுத்துபவர்களுக்கும் இதையே சொல்வேன். ஆனால் விரதத்தின்போதும் ஊருக்கு ஒதுக்குப்புறமாகப் போய் ஒளிந்து புகைத்தவர், அதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டவர், தன் பக்தியிலோ மன உறுதியிலோ குறை இருப்பதாக நினைக்க வேண்டாம். அவருடைய உடலின் அடிமைத்தனம் கடுமையானது. மருந்து வேண்டும் என்பதற்கான அடையாளம் அது.

அடிமைத்தனத்தின் கடுமையை அளக்க மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டுக்குத்தான் அதிக மதிப்பு. எழுந்த எத்தனை நிமிடங்களில் முதல் சிகரெட்? நாளுக்கு எத்தனை? எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவர், குறிப்பாக ஐந்து நிமிடங்களுக்குள் பற்றவைப்பவர், நாளுக்கு இருபதைத் தாண்டுபவர், இதற்கு முன் சில நாள்கள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாதவர் ஆகியோர் மருந்தோடு தொடங்குவதே சரி. முதலில் மருந்தில்லாமல் முயன்று பார்க்கிறேன், தோற்றால் பார்த்துக்கொள்வோம் என்று இவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையில் பெரும்பாலும் மாதங்களோ ஆண்டுகளோ கழிந்துவிடுகின்றன. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், முப்பது வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ பத்து ஆண்டு ஆயுளையும், நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டார்கள். தன்மானத்துக்காகத் தள்ளிப்போடும் ஆண்டுகளின் விலை அதிலேயே இருக்கிறது.

மாறாக, நாளுக்கு நாலைந்து மட்டும் பிடிப்பவர், மதியம் வரை நினைவே வராதவர், நண்பர்களோடு இருக்கும்போது மட்டும் பிடிப்பவர் முதலில் மருந்தில்லாமல் முயல்வதில் தவறில்லை. பெரும்பாலான மருந்துச் சோதனைகள் நாளுக்குப் பத்துக்கு மேல் பிடித்தவர்களிடம் நடந்தவை என்பதால், குறைவாகப் புகைப்பவர்களுக்கு மருந்தின் கூடுதல் பலனைப் பற்றிய சான்றும் குறைவு. இவர்களும் தேதி குறித்து ஒரேயடியாக நிறுத்துவது நல்லது. இங்கிலாந்தில் ஏறத்தாழ எழுநூறு பேரிடம் நடந்து 2016இல் வெளியான சோதனையில், படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதமும் ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதமும் நான்காம் வாரத்தில் புகைக்காமல் இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் நிக்கோட்டின் மருந்தும் ஆலோசனையும் தரப்பட்டிருந்தன. ஏக்கம் எழும்போது அது சில நிமிடங்களில் தானே தணியும் என்பதை நினைவில் வைத்து, தண்ணீர் குடிப்பது, எழுந்து வேகமாக நடப்பது, யாரையாவது அழைத்துப் பேசுவது என்று அந்த நிமிடங்களைக் கடத்த வேண்டும். ஒரேயடியாக விட மனம் ஒப்பாதவர்களுக்கும் வழி இருக்கிறது: வாரெனிக்லினை எடுத்துக்கொண்டே மூன்று மாதங்களில் குறைத்துக் குறைத்து நிறுத்தும் முறை சோதிக்கப்பட்டு நல்ல பலன் தந்திருக்கிறது. அது மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஒரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காபியிலுள்ள கஃபைனையும் சில மருந்துகளையும் வேகமாகக் கழித்துவிடுகின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு காபி முன்பைவிடக் கூடுதலாகப் படபடக்க வைக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். பலர் இதைச் சிகரெட் இல்லாத குறை என்று எண்ணி மறுபடி பற்றவைக்கிறார்கள். நிறுத்தும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்கிக்கொண்டால் போதும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்கு ஒலான்சபின், குளோசபின் எடுப்பவர்களுக்கு மருந்தின் அளவையே குறைக்க வேண்டியிருக்கும். ஆகவே அவர்கள் விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் முதல் சில வாரங்கள் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். விட்ட முதல் ஆண்டில் சராசரியாக நாலைந்து கிலோ எடை கூடுகிறது என்பதும் உண்மை; அந்தக் கூடுதல் எடைக்கு அஞ்சிப் புகையைத் தொடர்வதில் எந்த நியாயமும் இல்லை. மாரடைப்பு வந்தவர்கள் நிக்கோட்டின் பேட்சுக்கு அஞ்சிச் சிகரெட்டைத் தொடர்வது அதைவிடப் பெரிய விபரீதம். கருவுற்ற பெண்களுக்கும் பதின்ம வயதினருக்கும் மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுவதில்லை. அவர்களுக்கு ஆலோசனையே முதல் வழி.

செலவைப் பொறுத்தவரை சிகரெட் பிடிப்பவருக்கும் பீடி பிடிப்பவருக்கும் கணக்கு ஒன்றல்ல. நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் வாங்குபவர் மூன்று மாத மருந்துச் செலவைத் தன் சிகரெட் செலவோடு வைத்துப் பார்த்தால் தயங்க மாட்டார். ஒரு கட்டு பீடி ஓர் அட்டை கம்மைவிட மிக மலிவு. இந்தியாவில் சிகரெட் பிடிப்பவர்களைவிடப் பீடி பிடிப்பவர்களே அதிகம். பீடி லேசானது என்ற நம்பிக்கையும் பொய். தமிழ்நாட்டில் நாற்பத்து மூவாயிரம் ஆண்களின் மரணங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்று கண்டது. மருந்து மிகவும் தேவைப்படும் கூலித் தொழிலாளிக்கு அது கைக்கு எட்டாத விலையில் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம். அரசு மருத்துவமனைகளில் புகையிலை மீட்பு ஆலோசனைப் பிரிவு இருந்தால் அங்கே கம், பேட்ச் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 2002இலேயே இத்தகைய மையம் தொடங்கப்பட்டது. சிகரெட், பீடிப் பொட்டலங்களின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணில் தமிழிலும் ஆலோசனை தருகிறார்கள். மருந்துக்கு வசதியில்லாதவர் தனியாகப் போராடுவதற்குப் பதில் இந்த எண்ணை அழைத்தால், மேலே சொன்ன நான்கு வழிகளில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குச் செலவில்லாமல் ஏறிவிடுகிறார்.

ஏற்கெனவே ஒரு வழியில் முயன்று தவறியவர், அடுத்த முயற்சியில் எதை மாற்றுவது என்பதைத் தவறிய நாளை வைத்துத் தீர்மானிக்கலாம். முதல் வாரத்துக்குள் தவறியிருந்தால் தவிப்பை அடக்கப் போதுமான மருந்து இல்லை என்று பொருள்: மருந்தில்லாதவர் மருந்தைச் சேர்க்க வேண்டும், கம் மட்டும் மென்றவர் பேட்சைச் சேர்க்க வேண்டும், அல்லது வாரெனிக்லினைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ தவறியிருந்தால், மருந்தை மாற்றுவதைவிட அந்தச் சந்தர்ப்பத்தை எப்படிக் கடப்பது என்று ஆலோசகரோடு பேசுவதே பயன் தரும். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் பேட்சைப் பிய்த்தெறியவோ மாத்திரையை நிறுத்தவோ வேண்டாம். தொடர்ந்து எடுத்துக்கொண்டு, அடுத்த சிகரெட்டைத் தவிர்த்தால் போதும். பன்னிரண்டு வாரங்கள் வாரெனிக்லின் எடுத்துப் புகையை நிறுத்தியிருந்தும், மாத்திரை முடிந்ததும் என்ன ஆகுமோ என்று அஞ்சுபவருக்கு, அதையே இன்னும் பன்னிரண்டு வாரங்கள் நீட்டித்துத் தரும் வழக்கம் இருக்கிறது. கடைசி அட்டை தீர்வதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.